மாற்று ஆள்

புள்ளி. புள்ளி. ஒன்று. புள்ளி.
இதுதான் என் வேலை.
பழைய கிள்ளான் சாலைக்குப் பின்னால்
எல்லைக் கயிற்றை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
பந்து விழுந்த கணத்தில் அழுத்த ஒரு பொத்தான்.
பந்துக்கு நாற்பது சென்.
மதியச் சாப்பாடு என் கணக்கு.

இன்று இரண்டு குட்டி நாடுகள்.
ஒன்றில் பனி, மற்றதில் கடல்.
பார்க்க வந்தவர் பதினேழு பேர்;
நான்கு பேர் பஸ் டிரைவர்கள்,
ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர்.
ஆனாலும் என் கட்டைவிரல் அசையும்போதெல்லாம்
எங்கோ ஓர் ஊரில்
ஒருவன் கட்டிலில் புரண்டு படுக்கிறான்,
அவன் கடன் அரை அங்குலம் நகர்கிறது.
இந்த நாடுகள் எங்கே என்று அவனுக்குத் தெரியாது.
அடுத்த பந்து வரும் என்று தெரியும்.

தீவு அணிக்கு வயிற்றுப்போக்கு.
நேற்றிரவு நாசி கண்டார்,
எல்லாக் குழம்பும் ஊற்றி, நம்பிக்கையோடு.
நான்கு பேர் உள்ளே போனவர்கள் வரவில்லை.
பயிற்சியாளரையும் இறக்கியாகிவிட்டது,
இன்னும் ஓர் ஆள் குறைகிறது.
நடுவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.
உருளை பக்கத்தில் ஷொஹாக் நின்றிருந்தான்.

பரிசால் பக்கத்து ஆள்.
கடவுச்சீட்டு ஏஜெண்டின் இரும்பு அலமாரியில்.
ஆறு மணிக்கு மேல் வலைக்குள்
தேசிய அணிப் பையன்களுக்கு
இவன்தான் பந்து வீசுகிறான்;
அவர்களில் மூவர் இன்னும்
ஒரு பந்தையும் தொட்டதில்லை.
மூன்று வருஷம் வாழ்ந்தால்
ஒரு நாட்டுக்கு ஆடலாமாம்.
இவன் வந்து ஒன்பது.
ஒருநாள் கேட்டேன்.
உடைந்த மலாயில் சிரித்தான்:
"காக், நான் இங்கே வாழவில்லை.
வேலை செய்கிறேன்."

ஏழாம் எண் சட்டை கொடுத்தார்கள்.
முதுகில் நாக்கு சுளுக்கும் ஒரு பெயர்.
மாற்று ஆள் ஓடலாம், விழலாம், பிடிக்கலாம்.
மட்டை கூடாது. பந்துவீச்சு கூடாது.
அதாவது, வியர்க்கலாம்.

பதினாலாவது ஓவர்.
பனிநாட்டுத் தலைவன் கண்ணை மூடிச் சுற்றினான்.
பந்து கொண்டோவின் இருபதாம் மாடி வரை போய்
யார் வீட்டிலோ காயும் துணிகளைப் பார்த்துவிட்டு
மனசு மாறி இறங்கியது.
ஷொஹாக் ஓடவில்லை.
முன்பே அங்கே நின்றிருந்தான்.
தினமும் அந்தப் புல்லை வெட்டுகிறவன்.

அவுட்.
அழுத்தினேன். திரை கேட்டது:
பிடித்தது யார்?
பதினொரு பெயர்கள். ஒன்றைத் தேர்ந்தெடு.
மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன்.
காதுக்குள் மால்ட்டாவிலிருந்து மேற்பார்வையாளர்:
"திலகவதி, நாலு செகண்டு."
"பிடித்தவன் பட்டியலில் இல்லை."
"மாற்று என்று போடு."
"அவனுக்குப் பேர் இருக்கு லா."
"ஆறு செகண்டு."

போட்டேன்.
தாமதத்துக்குப் பன்னிரண்டு ரிங்கிட் பிடித்தம்.
முப்பது பந்து.
கட்டிலில் இருந்தவனுக்கு எவ்வளவு போனதோ,
வந்ததோ,
யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றரைக்கு, சொல்லிவைத்த மாதிரி, மழை.
மழைக்கும் ஒரு பொத்தான் உண்டு. காசு கிடையாது.
இரண்டு நாடுகளும் உள்ளே ஓடின.
நடுவர்கள் ஓடினார்கள்.
பதினேழு பேரும், என்னைத் தவிர.

ஷொஹாக் ஏழாம் எண்ணைக் கழற்றவில்லை.
அந்தப் பெயர் முதுகில் ஒட்டிக்கிடக்க
நீலத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான்.
போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்
ஒரு முனையைப் பிடித்தேன்.
இவ்வளவு கனம் என்று நினைக்கவில்லை.

"காக்! என் பேர் போனதா?"
மழைக்கு மேல் கத்தினான்.

"எழுத்து எப்படி என்று கேட்டார்கள்!"
நானும் கத்தினேன்.

நின்றுவிட்டான்.
கைவிட்ட தார்ப்பாய் காற்றில் படபடத்தது.
"ரெண்டு இடத்தில் எச் வரும்" என்றான்,
விரலால் காற்றில் எழுதிக் காட்டி.
"மறக்காமல் சொல்லுங்கள்.
எல்லாரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்."